கட்டி என்றதும் கத்தியா?

போன ஆவணி மாதம். சாயந்திரம் கிளினிக்கில் கடைசி டோக்கன். அப்பா, அம்மா, நடுவில் 23 வயசுப் பெண். மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை. உட்காருவதற்கு முன்பே அப்பா கையிலிருந்த பெரிய கவரை என் மேஜைமேல் வைத்தார்.

"பாருங்க டாக்டரம்மா. தை மாசம் கல்யாணம். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. இப்பப் போய் இப்படி எழுதியிருக்காங்க..."

ஸ்கேன் ரிப்போர்ட். கடைசி வரியில் கறுப்பு எழுத்தில் இப்படி இருந்தது: 'வலது சினைப்பையில் 5 செ.மீ. அளவில் காம்ப்ளெக்ஸ் சிஸ்ட். நியோபிளாசமாக இருக்கலாம்.'

"நியோபிளாசம்னா கேன்சர்தானே மேடம்?" என்று கேட்டாள் பெண். ராத்திரி முழுக்க போனில் தேடிப் பார்த்திருக்கிறாள். அம்மா வாயே திறக்கவில்லை. கண் மட்டும் நிறைந்து நின்றது.

வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார்கள். "கல்யாணத்துக்கு முன்னாடியே ஓவரியோட எடுத்துடலாம், ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கில்ல?" என்று பதில் வந்திருக்கிறது. அட்மிஷன் தேதி வரைக்கும் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பெண்ணை நானே திரும்ப ஸ்கேன் செய்து பார்த்தேன். மாதவிலக்கு வர ஒரு வாரம்தான் இருந்தது. கட்டிக்குள்ளே சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள். உள்ளே ரத்த ஓட்டம் துளிகூட இல்லை. சுற்றிலும் மட்டும் ஒரு வளையம் போல ஓட்டம் தெரிந்தது. கருமுட்டை வெளியேறிய இடத்தில் கொஞ்சம் ரத்தம் கசிந்து உறைந்திருக்கிறது, அவ்வளவுதான். "ஆறு வாரம் கழிச்சு, தலைக்குக் குளிச்ச கையோட வாம்மா" என்று அனுப்பினேன். ஐப்பசியில் வந்தாள். கட்டி இருந்த சுவடே இல்லை!

இந்தக் கதை சுபமாக முடிந்தது. சுபமாக முடியாத கதை ஒன்றும் என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

நான் செய்த தப்பு

1996. நான் பிராக்டீஸ் ஆரம்பித்த புதுசு. 26 வயசுப் பெண், இடுப்பில் இரண்டு வயசுக் குழந்தையுடன் வந்தாள். இடது சினைப்பையில் 7 செ.மீ. கட்டி. ரிப்போர்ட்டில் அதே வார்த்தைதான்: 'காம்ப்ளெக்ஸ்'. நான் படத்தைப் பார்க்கவில்லை. ரிப்போர்ட்டைப் படித்தேன், பயந்தேன், வயிற்றைத் திறந்தேன், சினைப்பையோடு சேர்த்து எடுத்துவிட்டேன். பரிசோதனையில் வந்த பதில்: டெர்மாய்டு. முடியும் கொழுப்பும் நிறைந்த, சாதுவான கட்டி. "கேன்சர் இல்ல, கும்பிடறேன் தாயி" என்று அவள் மாமியார் எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். நானும் பெருமையாக வாங்கிக்கொண்டேன்.

ஐந்து வருஷம் கழித்து அதே பெண் வந்தாள். டெர்மாய்டு சில பேருக்கு இரண்டு பக்கமும் வரும். அவளுக்கு மறுபக்கமும் வந்திருக்கிறது. வெளியூரில் இருந்தபோது அது முறுக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் சினைப்பை கறுத்துப்போய், அதையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. 31 வயசில் மாதவிலக்கு நின்றுபோனது. உடம்பெல்லாம் எரிச்சல், தூக்கம் இல்லை, இன்னொரு குழந்தைக்கு வழி இல்லை.

அவள் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அன்னிக்குக் கட்டிய மட்டும் எடுத்துட்டு ஓவரிய விட்டிருக்கலாமா டாக்டர்?"

அன்று ராத்திரி பழைய ஃபைலைத் தேடி எடுத்து, அந்த ஃபிலிமை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று ஓர் உருண்டை. அதன் பின்னால் கறுப்பாக ஒரு நிழல். டெர்மாய்டு என்று நெற்றியில் எழுதி ஒட்டியதைப் போல இருந்தது! பலாச்சுளையிலிருந்து கொட்டையை எடுப்பது போலக் கட்டியை மட்டும் உரித்தெடுத்திருக்கலாம். விடை அந்தப் படத்திலேயே இருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். 'காம்ப்ளெக்ஸ் சிஸ்ட்' என்ற ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு யாரும் உங்கள் வயிற்றைத் திறக்க விடாதீர்கள். கட்டி எப்படி இருக்கிறது என்று ரிப்போர்ட் விவரமாகச் சொல்ல வேண்டும். சொல்லாத ரிப்போர்ட் அரைகுறை ரிப்போர்ட். அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. திடீரென்று தாங்க முடியாத அடிவயிற்று வலி, கூடவே வாந்தி என்றால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது விவரம் கேட்டுக்கொண்டு உட்காரக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கொதிகலன் தொழிற்சாலையில் பிறந்த வித்தை

அல்ட்ராசவுண்ட் என்றால் நமக்கு வயிற்றுப்பிள்ளைதான் ஞாபகம் வரும். ஆனால் மகப்பேறு மருத்துவத்துக்குள் அது நுழைந்ததே இப்படிப்பட்ட கட்டிகளைப் பிடித்துக்கொண்டுதான்!

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இயான் டொனால்டு என்று ஒரு பேராசிரியர். இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் இருந்தவர், ராடார், சோனார் எல்லாம் தெரிந்தவர். 1955-ல், அறுவை சிகிச்சையில் எடுத்த கர்ப்பப்பைக் கட்டிகளையும் சினைப்பைக் கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு, பக்கத்தில் ரென்ஃப்ரூவில் இருந்த கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். இரும்புத் தகட்டில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியை அனுப்பிப் பார்க்கும் கருவி அங்கே இருந்தது. நீர் நிறைந்த கட்டி ஒரு மாதிரி எதிரொலித்தது, கெட்டியான கட்டி வேறு மாதிரி எதிரொலித்தது. மனுஷருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அதன்பிறகு ஒரு பெண்மணியை அவரிடம் காட்டினார்கள். வயிறு ஊதி, உடம்பு வற்றி, 'வயிற்றில் புற்றுநோய், ஒன்றும் செய்வதற்கில்லை' என்று கைவிடப்பட்டவர். டொனால்டின் கருவி வேறு கதை சொன்னது. வயிற்றில் இருப்பது புற்றுநோய் நீர் அல்ல, ஒரு பெரிய சினைப்பைக் கட்டி! எடுத்துப் பார்த்தார்கள். சாதுவான கட்டிதான். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். 1958 ஜூன் மாதம் 'லான்செட்' மருத்துவ இதழில் டொனால்டும் சகாக்களும் எழுதிய கட்டுரைதான் இன்று தெருவுக்குத் தெரு இருக்கும் ஸ்கேன் சென்டர்களுக்கெல்லாம் ஆரம்பம்.

யோசித்துப் பாருங்கள். சாதுவா, கெட்டதா என்று பிரித்துச் சொல்லித்தான் இந்தக் கருவி பேர் வாங்கியது. நாமோ அதன் படத்தைக் கவருக்குள் மடித்து வைத்துவிட்டு, கடைசி வரியை மட்டும் படித்துப் பதறுகிறோம்!

எல்லாக் கட்டியும் கட்டி அல்ல

சினைப்பையின் வேலையே மாதாமாதம் ஒரு சின்ன நீர்ப்பையை வளர்த்து, அதிலிருந்து கருமுட்டையை வெளியே விடுவதுதான். சில மாதம் அந்தப் பை வெடிக்காமல் வளர்ந்துவிடும். சில மாதம் வெடித்த இடத்தில் ரத்தம் கட்டும். மாதவிலக்கு வருகிற வயசில் இருக்கும் பெண்களை வரிசையாக நிற்கவைத்து ஸ்கேன் செய்தால் ஏதோ ஒன்று தெரியத்தான் செய்யும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே மறைந்துவிடும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். 'பி.சி.ஓ.டி.' என்பதையும் நம் வீடுகளில் 'நீர்க்கட்டி' என்றுதான் சொல்கிறோம். அதில் தெரிவது கட்டியே அல்ல. வளர ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன குட்டிக்குட்டிக் கருமுட்டைப் பைகள். ஹார்மோன் கோளாறு. அதற்கும் நான் இங்கே பேசுகிற கட்டிக்கும் சம்பந்தம் இல்லை. "என் பொண்ணுக்கும் நீர்க்கட்டி இருக்கே" என்று அம்மாக்கள் கலங்க வேண்டாம்.

படம் என்ன சொல்கிறது?

ஸ்கேன் படத்தில் நீர் கறுப்பாகத் தெரியும். சதை சாம்பல் நிறத்தில் தெரியும். கொழுப்பும் எலும்பும் வெள்ளையாகத் தெரியும். இதில் எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு எதுவும் கிடையாது. கலர் டாப்ளர் என்ற வசதியால் ரத்த ஓட்டத்தையும் பார்க்கலாம்.

பெல்ஜியம், ஸ்வீடன், இங்கிலாந்து மருத்துவர்கள் முன்கை எடுத்து 1999-ல் 'ஐயோட்டா' என்று ஒரு குழு அமைத்தார்கள். பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பெண்களின் படங்களையும், அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்த பரிசோதனை முடிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2008-ல் பத்தே பத்து எளிய விதிகளைச் சொன்னார்கள். ஐந்து நல்ல அடையாளம், ஐந்து கெட்ட அடையாளம்.

நல்ல அடையாளங்கள் இவை:

1. உள்ளே தடுப்பே இல்லாத ஒரே அறை. திராட்சைப் பழம் மாதிரி. கெட்டியான பகுதி எதுவும் இல்லை.

2. கெட்டியான பகுதி இருந்தாலும் அது 7 மில்லிமீட்டருக்கும் குறைவு.

3. கட்டிக்குப் பின்னால் கறுப்பு நிழல் விழுவது. என் பழைய ஃபிலிமில் இருந்தது இதுதான்.

4. சாத்துக்குடிச் சுளைகள் மாதிரி பல அறைகள் இருந்தாலும் உள்ளே வழுவழுப்பாக, கெட்டியான பகுதி இல்லாமல், 10 செ.மீ.க்குள் இருப்பது.

5. கட்டிக்குள் ரத்த ஓட்டமே இல்லாமல் இருப்பது.

கெட்ட அடையாளங்கள் இவை:

1. முழுக்கக் கெட்டியாக, கரடுமுரடாக இருக்கும் கட்டி.

2. வயிற்றுக்குள் நீர் கோத்திருப்பது.

3. உள்சுவரிலிருந்து காலிஃபிளவர் மொட்டு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் முளைகள், நான்கோ அதற்கு மேலோ.

4. பல அறைகளும் கெட்டிப் பகுதிகளுமாக, ஒழுங்கில்லாமல், 10 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருப்பது.

5. கட்டிக்குள் மிக அதிகமான ரத்த ஓட்டம்.

நல்ல அடையாளம் ஒன்றாவது இருந்து கெட்டது ஒன்றுகூட இல்லை என்றால், சாதுவான கட்டி. கெட்டது இருந்து நல்லது ஒன்றுமே இல்லை என்றால், புற்றுநோய் என்று எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். இரண்டும் கலந்திருந்தாலோ, இரண்டுமே இல்லாவிட்டாலோ 'தெரியவில்லை' என்று ஒப்புக்கொண்டு, அனுபவம் உள்ள ஒருவரிடம் அனுப்ப வேண்டும்.

"இவ்வளவுதானா? இதை நம்பலாமா?" என்று கேட்பீர்கள். 2010-ல் எட்டு நாடுகளில், 19 மருத்துவ மையங்களில், 1,938 பெண்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 77 பேருக்கு இந்த விதிகள் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டன. அப்படிப் பதில் கிடைத்தவர்களில், உண்மையிலேயே புற்றுநோய் இருந்தவர்களில் நூற்றுக்கு 92 பேரைச் சரியாகப் பிடித்தன. சாதுவான கட்டி இருந்தவர்களில் நூற்றுக்கு 96 பேரைச் சாதுவென்றே சொல்லின.

நூற்றுக்கு நூறு இல்லை என்பதைக் கவனியுங்கள். அதை மறைக்க மாட்டேன். ஆனால் 'காம்ப்ளெக்ஸ்' என்று எழுதிவிட்டுக் கையைக் கழுவுவதைவிட இது எவ்வளவோ மேல். அதற்குப் பிறகும் 2014-ல் 'அட்னெக்ஸ்' என்ற கணக்கு முறை, 2020-ல் 'ஓ-ராட்ஸ்' என்ற தர வரிசை என்று வந்துகொண்டிருக்கின்றன. இப்போது சில ரிப்போர்ட்டுகளில் 'ஓ-ராட்ஸ் 2', 'ஓ-ராட்ஸ் 4' என்று போடுகிறார்கள். 2 என்றால் கெட்டதாக இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. 3 என்றால் நூற்றில் பத்துக்கும் குறைவு. 4 என்றால் பத்திலிருந்து ஐம்பதுக்குள். 5 என்றால் ஐம்பதும் அதற்கு மேலும். இப்படி ஒரு நம்பர் இருந்தால் அந்த ஸ்கேன் சென்டரை நான் மனசாரப் பாராட்டுவேன்.

ரத்தப் பரிசோதனை பண்ணினா தெரிஞ்சுடாதா?

'சி.ஏ. 125' என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. எழுதிக் கொடுப்பதும் சுலபம், ரத்தம் கொடுப்பதும் சுலபம். அதனாலேயே தேவைக்கு மேல் எழுதப்படுகிறது.

இளம் பெண்களிடம் இது பெரிய புளுகு மூட்டை. மாதவிலக்கு நாளில் கூடும். கர்ப்பமாக இருந்தால் கூடும். எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் கூடும், கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருந்தால் கூடும். நம் நாட்டுக்கு ரொம்ப முக்கியமான ஒன்று, வயிற்றுக் காசநோய். அதிலும் வயிற்றில் நீர் கோக்கும், சி.ஏ. 125 எகிறும். அச்சு அசலாகச் சினைப்பைப் புற்றுநோய் போலவே வேஷம் கட்டும்! காசநோய் என்றால் மாத்திரையிலேயே குணமாகிவிடும்.

மறுபக்கம் இன்னும் மோசம். முதல் கட்டத்தில் இருக்கும் சினைப்பைப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது கூடுவதே இல்லை. ஆக, கூடினாலும் பயப்பட முடியாது, கூடாவிட்டாலும் நிம்மதியாக இருக்க முடியாது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு, ஸ்கேன் படத்தோடு சேர்த்துப் பார்த்தால் இதற்கு மதிப்பு உண்டு. தனியாகப் பார்த்தால் வீண் பீதிதான்.

"எதுக்கு வம்பு, எடுத்துடுங்க!"

இதை டாக்டர்கள் மட்டும் சொல்வதில்லை. கணவன்மார் சொல்கிறார்கள், அம்மாக்கள் சொல்கிறார்கள். "உள்ளே வெச்சுக்கிட்டு எப்படி தூங்கறது?" நியாயமான பயம்தான். நானும் அந்தப் பயத்தில்தானே 1996-ல் தப்பு செய்தேன்!

இந்தப் பயத்துக்கு ஒரு பதில் இருக்கிறது. படத்தில் சாதுவாகத் தெரிந்த கட்டிகளை எடுக்காமல், அவ்வப்போது ஸ்கேன் மட்டும் செய்து, 1,900-க்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்துவந்தார்கள். 2019-ல் முடிவு வெளியானது. இரண்டு வருஷத்துக்குள் ஐந்தில் ஒருவருக்குக் கட்டி தானாகவே மறைந்துவிட்டது. புற்றுநோய் என்று தெரியவந்தது ஆயிரத்துக்கு 4 பேர். முறுக்கிக்கொண்டது ஆயிரத்துக்கு 4 பேர். வெடித்தது ஆயிரத்துக்கு 2 பேர்.

இந்த எண்களை அறுவை சிகிச்சையோடு வைத்துப் பாருங்கள். மயக்க மருந்து, தழும்பு, குடல் ஒட்டிக்கொள்ளும் அபாயம், அதற்கெல்லாம் மேலே, ஒரு சினைப்பை. மாதவிலக்கு நிற்பதற்கு முன்பே இரண்டையும் இழந்தவளுக்கு எலும்பு தேய்கிறது, இதய நோய் சீக்கிரம் வருகிறது. 'ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கில்ல' என்று சொல்கிறவர்கள், அந்த இன்னொன்றுக்கு என்ன உத்தரவாதம் தருகிறார்கள்?

எந்தக் கட்டியையுமே எடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். வலி கொடுக்கிற கட்டி, வளர்ந்துகொண்டே போகிற கட்டி, பெரிய டெர்மாய்டு என்று எடுக்க வேண்டியவை உண்டு. அப்போதும் இளம் பெண்ணுக்கு 'கட்டியை மட்டும் எடுக்க முடியுமா?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

அந்த 58 வயசு அம்மா

நாணயத்துக்கு மறுபக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் நான் பாதி உண்மைதான் சொன்னவளாவேன்.

மாதவிலக்கு நின்று எட்டு வருஷமான ஓர் அம்மா. நாலு மாசமாக வயிறு உப்புசம். இரண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது. "வாயுதான்" என்று சீரகத் தண்ணீரும் ஓம வாட்டரும் குடித்துக்கொண்டிருந்தார். புடவை கட்டும்போது கொசுவம் குறைகிறதே என்று மருமகள்தான் முதலில் கவனித்தாள்.

ஸ்கேனில் கெட்டியான பகுதிகள், முளைகள், நல்ல ரத்த ஓட்டம், கொஞ்சம் நீர். 'சிஸ்ட்' என்ற வார்த்தையை மட்டும் பார்த்த உறவினர் ஒருவர், "சின்னதா துளை போட்டு லேப்ராஸ்கோப்பில் உறிஞ்சி எடுத்துடுவாங்க, மறுநாளே வீட்டுக்கு வந்துடலாம்" என்று ஓர் இடத்தையும் ஏற்பாடு செய்துவிட்டார். நல்ல வேளையாக அதற்கு முன் என்னிடம் வந்தார்கள்.

இதைக் கொட்டை எழுத்தில் படியுங்கள். ஆரம்ப நிலையில் இருக்கும் புற்றுநோய்க் கட்டியை ஊசியால் குத்தி நீர் எடுத்தாலோ, எடுக்கும்போது அது உடைந்தாலோ, அடைபட்டிருந்த வியாதி வயிற்றுக்குள் சிந்திவிடும். ஒரு கட்டம் தாண்டிவிடும். படம் கெட்டது என்று சொன்னால் போக வேண்டிய இடம் பெண்கள் புற்றுநோய் அறுவை சிகிச்சை நிபுணரிடம். சாதாரணக் கட்டி எடுக்கும் கை எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும் அது அதற்கான கை அல்ல. முதல் ஆபரேஷனை யார், எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்த அம்மாவின் மிச்ச ஆயுசு.

அவரை அன்றைக்கே அப்படிப்பட்ட இடத்துக்கு அனுப்பினேன். அறுவை சிகிச்சையும் மருந்தும் முடிந்து, இப்போது பேரனைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறார்.

ஒரே படம்தான். இளம் பெண்ணுக்கு அது 'பொறு' என்றது. இந்த அம்மாவுக்கு 'ஓடு' என்றது. இரண்டு பேர் ரிப்போர்ட்டிலும் 'காம்ப்ளெக்ஸ்' என்ற ஒரே வார்த்தையை எழுதிவிட்டால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

50 வயசைத் தாண்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புசம், சீக்கிரம் வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர்... இவை புதிதாக வந்து, மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருந்தால், வாயு என்று நினைக்காதீர்கள். ஒரு ஸ்கேன் எடுங்கள்.

அப்போ வருஷா வருஷம் எடுத்துடலாமா?

கூடாது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் 'மாஸ்டர் செக்கப்' பேக்கேஜில் இருக்கிறதே என்று சினைப்பை ஸ்கேனும் சி.ஏ. 125-ம் எடுத்துக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. இங்கிலாந்தில் 2,02,638 பெண்களை வைத்துப் பல வருஷம் ஆராய்ந்து 2021-ல் முடிவு சொன்னார்கள். வருஷாவருஷம் பார்த்ததால் இந்தப் புற்றுநோயில் இறப்பவர்கள் எண்ணிக்கை குறையவில்லை. அமெரிக்காவில் 2011-ல் வெளியான ஆய்வும் இதையே சொன்னது. அதில் வீண் சந்தேகத்துக்கு ஆளான 3,285 பெண்களில் 1,080 பேர் கத்திக்குக் கீழே போனார்கள். அவர்களில் 163 பேருக்குக் கடுமையான பின்விளைவு. நோயே இல்லாதவர்கள்!

அம்மா, சகோதரி என்று ரத்த உறவில் மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ இருந்தவர்கள் விஷயம் வேறு. அவர்கள் தங்கள் டாக்டரிடம் தனியாகப் பேசி, மரபணுப் பரிசோதனை தேவையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்கு, ஒரு கேள்வி இருந்தால்தான் ஸ்கேன் பதில் சொல்லும். கேள்வியே இல்லாமல் எடுத்தால் புதுக் கவலையைத்தான் கொண்டுவரும்.

நீங்கள் செய்ய வேண்டியது

ரிப்போர்ட்டை வாங்கியதும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். கூச்சமே வேண்டாம்.

* கட்டியில் ஓர் அறையா, பல அறைகளா? உள்சுவர் வழுவழுப்பாக இருக்கிறதா?

* கெட்டியான பகுதி உண்டா? எத்தனை மில்லிமீட்டர்? முளைகள் உண்டா, எத்தனை?

* டாப்ளர் பார்த்தீர்களா? உள்ளே ரத்த ஓட்டம் எப்படி?

* வயிற்றில் நீர் இருக்கிறதா?

* இதை வைத்துப் பார்த்தால் இது என்ன கட்டியாகத் தோன்றுகிறது?

* ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பார்த்தால் என்ன நஷ்டம்?

மாதவிலக்கு வருகிறவர்கள், திரும்ப ஸ்கேன் எடுப்பதாக இருந்தால், மாதவிலக்கு முடிந்த கையோடு எடுப்பது நல்லது. கடைசி மாதவிலக்குத் தேதியை ஸ்கேன் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கல்யாணமான பெண்களுக்குப் பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில்தான் சினைப்பை தெளிவாகத் தெரியும். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு உட்கார வேண்டாம், சிறுநீர் கழித்துவிட்டே செய்யலாம். "ஐயோ, அதெல்லாம் வேண்டாம்" என்று கூச்சப்பட்டு மறுத்துவிட்டு, மங்கலான படத்தை நம்பி ஆபரேஷனுக்குச் சம்மதிப்பது என்ன நியாயம்? பெண் டாக்டர் வேண்டும் என்று கேளுங்கள், துணைக்கு ஒருவரை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகாத பெண்களுக்கு வயிற்றின் மேல் செய்வதே வழக்கம். அதற்குத்தான் தண்ணீர் குடிக்க வேண்டும்.

படங்களைப் பத்திரப்படுத்துங்கள். வழவழ பேப்பரில் வரும் பிரிண்ட் நாளாக ஆக மங்கிவிடும். போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த டாக்டருக்கு ரிப்போர்ட்டைவிடப் படம்தான் அதிகம் பேசும்.

ஸ்கேன் செய்யும் சகோதர டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கெட்டதை விட்டுவிட்டால் கேஸ் போடுவார்களே என்ற பயமும் தெரியும். ஆனால் நீங்கள் உங்கள் பாதுகாப்புக்காகப் போடும் அந்த ஒற்றை வார்த்தைக்கு, யாரோ ஒரு பெண் தன் உடம்பால் விலை கொடுக்கிறாள். இன்னும் நாலு வரி எழுதுங்கள். ரிப்போர்ட்டை வாங்கும் என்னைப் போன்றவர்களும் அந்த நாலு வரி இல்லை என்றால் போனை எடுத்துக் கேட்க வேண்டும். 1996-ல் எனக்கு அது தோன்றவில்லை.

தை மாதக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒண்ணுமே பண்ணலையே டாக்டர், ஆனா எல்லாம் சரியாப் போச்சு" என்றார். சிரித்துக்கொண்டேன். ஒன்றுமே செய்யாமல் இருக்கக் கற்றுக்கொள்ள எனக்கு எத்தனை வருஷம் ஆனது, அதற்கு இன்னொரு பெண் என்ன விலை கொடுத்தாள் என்பதை அந்தப் பந்தியில் வைத்து அவரிடம் சொல்ல முடியவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்.